பெட்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் இடத்துக்கு முகம் சின்னது, முதுகு நீளம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு இட்லிக் கடை போடுகிற அகலம்தான் இருக்கும். அங்கிருந்து பின்னால் போய்க்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, "இங்க அடுப்பு வெச்சுக்கோ, எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்று அப்பா எனக்கு விட்டுக் கொடுத்த இடம் அந்த முகப்பு. அப்பா இருந்த வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் போன பிறகு எல்லோரும் கேட்டார்கள்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், தம்பி. நீளவாக்கில் வெட்டினால் மூன்று பேருக்கும் ரோடு கிடைக்கும், ஆனால் ஆளுக்கு ஒரு சைக்கிள் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதனால் குறுக்கே வெட்டுவது என்று முடிவாயிற்று. முன்பாகம், நடுப்பாகம், பின்பாகம். மூன்றும் சமம் என்றார் சர்வேயர். ஒரு பாகத்தின் வாசலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரும் உலகமும் நடந்து போகிறது, இன்னொரு பாகத்தின் வாசலில் மாட்டுக் கொட்டகைச் சந்து இருக்கிறது, இது எந்த ஊர் சமம் என்று அவரைக் கேட்டேன். "சதுர அடியில சமம்மா" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வேண்டியது முன்பாகம். ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம், பிழைப்பு. முன்பாகம் போனால் கடை போகும். கடை போனால் மகளின் காலேஜ் படிப்பு போகும். மலை சுற்றிக் களைத்து வருகிறவர்கள் கண்ணெதிரே ஆவி பறந்தால் உட்காருவார்கள். சந்துக்குள் வழி கேட்டு வந்து யாரும் இட்லி சாப்பிட மாட்டார்கள்.

பேசித் தீர்க்கப் பார்த்தோம். பேசப் பேச அண்ணியின் குரல்தான் உயர்ந்தது. "மூத்தவருக்குதான் முன்பாகம், இது கூட தெரியாதா?" என்றார் அண்ணி. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "எங்க அம்மா வீட்டுல அப்படித்தான்" என்றார். கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி சீட்டு போட்டுவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு சொம்பில் மூன்று சீட்டு. பெரியவர் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு முன்பாகம். சாமி கொடுத்தது என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். சீட்டு போடப் போகிறவர் என் அண்ணன்.

அண்ணன் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் பெரிய ஆள். தீபத்துக்கு யார் எந்த இடத்தில் கடை போடுவது என்று வருஷா வருஷம் குலுக்குவது அவர்தான். அவர் குலுக்குகிற சொம்பில் யார் பெயர் வரும் என்பது ஊருக்கே முதல் நாளே தெரிந்துவிடும். வெறும் காகிதமாகப் போட்டால் மடிப்பில் அடையாளம் வைக்கிறார்கள் என்று புகார் வருகிறதாம். அதனால் ஒவ்வொரு சீட்டையும் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடுவது அண்ணன் கொண்டுவந்த சீர்திருத்தம். ஆகா, எவ்வளவு நேர்மை! வேண்டியவர் சிமிழை மட்டும் முதல் நாள் ஃபிரீஸரில் வைத்துவிடுவார். எடுக்கிறவர் கை சொம்புக்குள் துழாவும். ஜில்லென்று எது படுகிறதோ அது வெளியே வரும். ஊரில் இதற்கு ஐஸ் சீட்டு என்றே பெயர்.

தம்பிக்குப் போன் போட்டு அழுதேன். அவன் சென்னையில், பேங்குக் கார்டுகளுக்குள் இருக்கிற சின்ன சிப்பைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனியில் இருக்கிறான். அவன் வேலை எனக்குப் பாதிதான் புரியும். பூட்டு போட யாராலும் ஊகிக்க முடியாத எண் வேண்டுமாம். கம்ப்யூட்டரிடம் கேட்டால் அது கணக்குப் போட்டுத்தான் சொல்லுமாம். கணக்கு தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவானாம். அதனால் கணக்கே இல்லாத ஒன்றிடம், இயற்கையிடம், கேட்டு எண் வாங்குகிற கருவிகள் இருக்கின்றனவாம்.

"அக்கா, கவலைய விடு. நானே ஒண்ணு செஞ்சு எடுத்துனு வரேன். அண்ணன் இல்ல, அண்ணனைப் படைச்ச பிரம்மாவே வந்தாலும் அதை ஏமாத்த முடியாது" என்றான்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பாகம் பிரிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார். நேராகப் போய் என் ஃபிரிட்ஜைத் திறந்து, துணி சுற்றிய ஏதோ ஒன்றை மேலே ஃபிரீஸரில் வைத்தார். "சாமி பொருள். கை வெச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணிக்கு வெளியே பித்தளை பளபளத்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! நான் மாவு வைக்கிற ஃபிரிட்ஜிலேயே எனக்கு ஆப்பு தயாராகிறது. யார் பெயர் என்று திறந்து வேறு பார்க்க வேண்டுமா?

மறுநாள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினோம். பெரியப்பா நடுவில். சுற்றிலும் பங்காளி வீட்டு ஜனம். தம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, தோள் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தான். டிபன் டப்பா அளவில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி. வெளியே ஒரு பொத்தானும் மூன்று விளக்கும். சிவப்பு எரிந்தால் அண்ணன், பச்சை எரிந்தால் நான், நீலம் எரிந்தால் அவன்.

உள்ளே என்ன என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று மூடியையே கழற்றிவிட்டான். "இது ஒரு குட்டி விளக்கு. எதிர்ல இருக்கறது கண்ணு. வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகாது, துணுக்கு துணுக்கா வரும். எந்த நொடியில எத்தனை துணுக்கு வந்து விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. கண்ணு அதை எண்ணும். அந்த எண்ணை மூணால வகுத்து, மீதிய வெச்சு ஒரு விளக்கு எரியும். அவ்ளோதான்."

"யாராலயும்னா, சாமியாலயுமா?" என்றார் அண்ணி.

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எதுக்குப்பா இதெல்லாம்? வழக்கப்படி சீட்டே போட்டுடலாமே" என்றார் பெரியப்பா. "அதான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணன், அவசர அவசரமாக. இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட பார்வை எனக்குத் தப்புமா? எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. அண்ணன் வந்து எடுப்பதற்கு முன்பே ஃபிரிட்ஜிலிருந்து கொண்டு வந்திருந்த துணி மூட்டையைப் பிரித்து, அந்தச் சிமிழை நடுக்கூடத்தில் நங்கென்று வைத்தேன்.

"இந்தாங்க உங்க சாமி பொருள்! ஐஸ் சீட்டு! கூடப் பொறந்தவளுக்கே ஐஸ் சீட்டு! தைரியம் இருந்தா எல்லார் எதிர்லயும் தொறந்து காட்டுங்க, யார் பேர் இருக்குதுன்னு!"

அண்ணன் முகம் வெளுத்துப் போனது. சிமிழை லபக்கென்று எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திறக்கவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? ஜனம் முணுமுணுத்தது. பெரியப்பா வேட்டி முனையைத் திருகிக்கொண்டு, "சரி, மெஷினே போடுங்க" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

முதலில் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றான் தம்பி. பொத்தானை அமுக்கினான். நீலம். இன்னொரு முறை. நீலம். மூன்றாம் முறையும் நீலமே எரிந்ததும் கூடத்தில் சந்தைக்கடைச் சத்தம்.

"இன்னாடா, உனக்கே எரியுது?" என்றார் பெரியப்பா.

"சும்மா ஓட்டிப் பாக்கறதுதான் பெரியப்பா. தொடர்ந்து ஒரே கலர் வர்றது சகஜம்."

"மாத்தி மாத்தி வரணும்ல?"

"மாத்தி மாத்திதான் வரும்னா, அடுத்தது எதுன்னு நானே சொல்லிடலாமே? அப்பதான் அது ஏமாத்து."

"அப்ப எப்படி வந்தா நாயம்?"

"எப்படி வந்தாலும் நாயம்."

"எப்படி வந்தாலும் நாயம்னா எதுக்குடா இதை சென்னையிலேர்ந்து தூக்கினு வந்த?"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். கம்பெனியில் அவனை இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணிதான் வழி சொன்னார். "பூஜை போடாத மெஷினு. அதான் கண்டபடி எரியுது."

"அண்ணி, கண்டபடி எரியறதுதான் அதோட வேலையே."

யார் கேட்டார்கள்? நல்ல நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார் ஒரு பங்காளி. ஆமாம், அதற்கு நேரமும் குறித்திருந்தார்கள். சீட்டுக்கு என்று ஜோசியர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தையே, என்ன வரும் என்று யாருக்குமே தெரியாத மெஷினை அமுக்கவும் வைத்துக்கொண்டார்கள். பல்லைக்கூட ஒழுங்காகத் தேய்க்காமல் பஸ் ஏறி வந்த தம்பி, அந்த இடைவெளியில் காப்பி குடிக்கப் பின்கட்டுக்குப் போனான்.

எங்கள் ஊரில் பொட்டு வைக்காமல் எந்த இயந்திரமும் ஓடாது. பைக், கிரைண்டர், ஜேசிபி, ஏடிஎம் வரைக்கும் சந்தனம் குங்குமம் பார்க்காத இரும்பு கிடையாது. நானும் என் கிரைண்டருக்கு வைக்கிறவள்தான். அண்ணி சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு நெற்றி இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அங்கம், தம்பி சொன்ன கண்தான். அந்தக் கண்ணின் மேலேயே கட்டை விரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

தம்பி வந்தான், நல்ல நேரமும் வந்தது. பெரியப்பா பொத்தானை அமுக்கினார். சிவப்பு.

அண்ணி கும்பிட்டார். அண்ணன் மட்டும், "பட்டன் சரியா விழல. இன்னொரு தடவை அமுக்குங்க" என்றார். நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். பெரியப்பா அமுக்கினார். சிவப்பு. "இன்னும் ஒரே தடவை" என்றார் அண்ணன். சிவப்பு.

"பாத்தீங்களா! சாமி வாயைத் தொறந்தே சொல்லுது!" என்றார் அண்ணி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மூன்று நீலம் வந்தபோது ஏமாற்று வேலை என்று கத்திய அதே ஜனம், மூன்று சிவப்புக்கு அரோகரா போட்டது.

நான் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் மஞ்சளாகக் கெட்டியாக அப்பியிருந்தது. "டேய், இங்க பாருடா!" என்றேன். தம்பி பார்த்துவிட்டு, "ஐயோ, கண்ணை அடைச்சிட்டீங்களே! கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னா எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்பவும் சிவப்புதான் எரியும்" என்றான்.

முந்தானையால் அழுத்தித் துடைத்தேன்.

"பொட்டை அழிக்கறாளே!" என்று அண்ணி அலறினார். "சுமங்கலி கையால வெச்ச பொட்டு! இவ கையால..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் மீதி எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நன்றாகச் சுத்தமாகத் துடைத்து, பெட்டியைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் அமுக்கிக் காட்டினான். பச்சை, சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு. மூன்று விளக்கும் முன்னே பின்னே மாறி எரிந்தன.

"இப்ப சரியா இருக்கு. இனிமே வர்றதுதான் தீர்ப்பு. ஒரே ஒரு வாட்டி" என்றான் தம்பி. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "நான்தான் அமுக்குவேன்" என்றேன் நான். யார் கையையும் நம்பத் தயாராக இல்லை. அப்பா படத்தைப் பார்த்தேன், மகளை நினைத்தேன், அமுக்கினேன்.

சிவப்பு.

தம்பி குனிந்து கண்ணைப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. "மூணுல ஒண்ணு வாய்ப்பு இருக்குதுக்கா" என்று மெல்லச் சொன்னான். அதைச் சொல்ல ஒரு இன்ஜினியர் வேண்டுமா?

தோற்றது கூடப் பரவாயில்லை. திட்ட ஆள் இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை. சீட்டில் தோற்றிருந்தால் அண்ணனை வாய்க்கு வந்தபடி சபித்து, வாசலில் மண்ணை வாரித் தூற்றி, ஆயுசுக்கும் அந்த வீட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பேன். இங்கே மெஷின் நான் கேட்டது, விரல் என்னுடையது. வெளிச்சத் துணுக்கை யாரால் சபிக்க முடியும்? அடுத்து எனக்கும் தம்பிக்கும் நடுவில் அமுக்கியதில் பின்பாகம் எனக்கு வந்தது. அதையும் நான்தான் அமுக்கினேன்.

முன்பாகத்தை அண்ணி வாடகைக்கு விட்டார். ரமணாசிரமம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அங்கே கஃபே வைத்திருக்கிறார். தினையில் கேக், கீரையில் ஜூஸ். நான் சந்து வாசலில் 'சூடான இட்லி' என்று அம்புக்குறி போட்டுப் போர்டு வைத்தேன். கஃபேக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருத்தரும் அம்பு காட்டுகிற பக்கம் வருவதில்லை. வியாபாரம் ரொம்பக் கம்மியாகிவிட்டது. மகள் படிப்புக்காக வளையலைக் கழற்றினேன். பெட்டியைத் தம்பி என்னிடமே விட்டுவிட்டுப் போனான், ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

தவறாமல் சந்துக்குள் வருகிற ஒரே ஆள் அண்ணன். தினமும் காலையில் வந்து பெஞ்சில் உட்காருவார். நான் பேச மாட்டேன். தட்டை வைப்பேன், எடுப்பேன். ஒரு நாள் அவராகத்தான் வாயைக் கொடுத்தார்.

"இன்னா, சட்னி தண்ணியா இருக்குது?"

"முன்பாகத்துல கெட்டியாதான் அரைச்சேன்" என்றேன். அவர் அந்தத் தண்ணிச் சட்னியையே தொட்டுச் சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஏன்ணா, தெரியாமதான் கேக்கறேன். அந்தச் சிமிழை என் ஃபிரிட்ஜுல வெக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துது? உங்க வீட்டுல ஃபிரிட்ஜே இல்லியா?"

"வீட்டுல வெச்சா உங்க அண்ணி பாத்துடுவா."

"பாத்தா இன்னா? அவங்களுக்கு வேணும்னுதான வெச்சீங்க?"

இட்லியைப் பிட்ட கை தட்டிலேயே நின்றது. "அதுல உன் பேருதாம்மா இருந்துது" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரியப்பாகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், ஜில்லுன்னு இருக்கறத எடுங்கன்னு. நானா குடுத்தா வீட்டுல ரணகளம் ஆயிடும். சீட்டுல வந்தா சாமி குடுத்தது, அவ வாயைத் தொறக்க மாட்டா."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"எங்க சொல்ல விட்ட? நடுக்கூடத்துல ஐஸ் சீட்டுன்னு கத்தற, தொறந்து காட்டுன்ற. உங்க அண்ணி எதிர்லயே நிக்கறா. ஆமா, ஐஸ் சீட்டுதான், என் தங்கச்சிக்குன்னு சொல்லவா?" தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அப்புறமும் மாத்திக் குடுத்துடலாம்னு கேட்டுப் பாத்தேன். சாமி நாலு வாட்டி சொன்னதை மாத்த நீ யாருய்யான்றா. ஒரு வாட்டி வந்திருந்தா கூட எதுனா பேசியிருப்பேன்."

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓவென்று அழுதேன். ஏமாற்ற வேண்டிய நேரத்தில் என் அண்ணனை ஏமாற்ற விடாமல் தடுத்த ஒரே ஆள் நான்தானே!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி விட்டேன். கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, கேஸ் அடுப்புக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். தம்பியின் பெட்டி அலமாரியில் இருந்தது. அது ஒரு தப்பும் செய்யவில்லை, அதுதான் எனக்கு அதன் மேல் கோபம். அதற்கு வைக்கவில்லை. மிச்சமிருந்த சந்தனத்தையெல்லாம் வழித்தெடுத்து ஃபிரிட்ஜுக்கு, மேல் கதவில், பெரிய பொட்டாக வைத்தேன்.